எஸ்எம்எஸ் ஓடிபியா, ஆத்தென்டிகேட்டர் ஆப்பா?

வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் துணிக்கடை வைத்திருக்கும் என் மச்சான், ஜிமெயிலுக்கு, பாஸ்வேர்டுக்கு மேல் இரண்டாவது பூட்டாக எஸ்எம்எஸ் ஓடிபிதான் வைத்திருக்கிறார். சுலபம், சரி. ஆனால் யாராவது ஏமாற்றி அவர் நம்பருக்கு டூப்ளிகேட் சிம் வாங்கிவிட்டால், ஓடிபி அந்த ஆளுக்குத்தான் போகும். போனில் திடீரென்று சிக்னல் செத்துப்போவதுதான் முதல் அறிகுறி. மச்சானோ டவர் பிரச்சினை என்று டீ குடிக்கப் போய்விடுவார்.

நான் ஆப் கட்சி. ஆத்தென்டிகேட்டர் ஆப் என்பது லாகின் எண்ணைப் போனிலேயே உருவாக்கிக் காட்டும் ஆப். 30 விநாடிக்கு ஒருமுறை அந்த ஆறு இலக்க எண் மாறும். சிக்னல், நெட் எதுவும் வேண்டாம். போனே தொலைந்தால்தான் திண்டாட்டம். அதற்காக பேக்கப் கோடுகளை (ஆப் இல்லாதபோதும் உள்ளே நுழைய முன்கூட்டியே வாங்கி வைக்கும் எண்களை) தாளில் எழுதி, ரேஷன் கார்டு கவருக்குள் வைத்திருக்கிறேன்.

பேங்க் விஷயத்தில் இன்னும் பெரும்பாலும் எஸ்எம்எஸ்தான். யாரோ போனில் கேட்டு, நாமே வாயால் சொல்லிவிட்டால் இரண்டும் ஒன்றுதான். பணம் போனால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-க்குப் போன் போடுங்கள்.