கடுகண்ணாவை ரயில் வரலாற்றுப் பயணம்: 3,500 ரூபாய்க்குப் பெறுமதியா?

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கோச்சிக் கதவில் தொங்கிக்கொண்டு படம் பிடிக்கும் ஆசையில் போகிறவர்களுக்கு இந்தப் பயணம் சரிப்படாது. இதை நடத்துகிற ஐயா மலையகப் பாதையில் பல வருடம் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். யாராவது மிதிபலகையில் கால் வைத்தால் உடனே விசிலை எடுத்து ஊதுகிறார். என் தங்கை மகன் நல்ல ஏச்சு வாங்கினான்.

காலையில் கண்டி ஸ்டேஷனில் சேர வேண்டும். அங்கிருந்து ரயிலில் கடுகண்ணாவை, தேசிய ரயில் நூதனசாலை, டோசன் கோபுரம், பகல் சாப்பாடு, அப்புறம் வேனில் கண்டிக்குத் திரும்பிப் போர்க் கல்லறைத் தோட்டம். ஆளுக்கு 3,500 ரூபாயில் டிக்கெட், நுழைவுக் கட்டணம், சாப்பாடு எல்லாம் அடக்கம்.

நூதனசாலை 2014இல் இலங்கை ரயில் சேவையின் 150ஆவது ஆண்டை ஒட்டித் திறந்தது. முதல் ரயில் 1864 டிசம்பர் 27ஆம் திகதி கொழும்பிலிருந்து அம்பேபுஸ்ஸைக்கு ஓடியது, கண்டிக்குப் பாதை வந்தது 1867இல். இதெல்லாம் பலகையைப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம். ஐயா சொன்னதில் பிள்ளைகளுக்குப் புதிதாக இருந்தது, இந்தப் பாதை தேயிலைக்காகப் போட்டதல்ல, கோப்பிக்காகப் போட்டது என்பது. வகுப்பில் நான் எத்தனை தரம் சொன்னாலும் ஏறாத விஷயம், பழைய எஞ்சின் பக்கத்தில் நின்று கேட்டதும் ஏறிவிட்டது.

பிள்ளைகளுக்கு அதைவிடப் பிடித்தது டேப்லட் வளையம். மலையகப் பாதையில் இன்றைக்கும் டேப்லட் முறை இருக்கிறது. ஒரு ஸ்டேஷனுக்கும் அடுத்த ஸ்டேஷனுக்கும் இடையில் ஒரு ரயில்தான் இருக்கலாம், அந்த வட்டத் தகடு கையில் இருக்கிற ரயிலுக்குத்தான் வழி. தகட்டைத் தோல் பையில் போட்டுப் பெரிய வளையத்தில் மாட்டி நீட்டுவார்கள், ஓடும் எஞ்சினிலிருந்து ஆள் குனிந்து எடுப்பார். ஐயா சொந்தமாக ஒரு வளையம் கொண்டுவந்திருந்தார். தங்கை மகனைப் படியில் நிறுத்திவிட்டு, வளையத்தைத் தூக்கிப் பிடித்தபடி எதிரே வேகமாக நடந்து வந்தார். "கைய விறைப்பா நீட்டாத, தோள்பட்டை கழண்டுரும். முழங்கைய மடக்கி உள்ள விடு, வளையம் தானா வந்து விழும்." மூன்றாவது தடவை விழுந்தது. இதற்கு மட்டும் தனியாகக் காசு கேட்டாலும் கொடுக்கலாம்.

டோசன் கோபுரத்தில் கொஞ்சம் நேரம்தான். கொழும்பு-கண்டி வீதியைப் போட்ட கேப்டன் டோசன் 1829இல் இறந்தார், 1832இல் அவர் நினைவாகக் கோபுரம் எழுப்பினார்கள். "தொரைக்குக் கோபுரம். மண் வெட்டினவனுக்கு?" என்று கேட்டுவிட்டு ஐயா பேசாமல் நின்றார். எல்லாக் கூட்டத்திடமும் இதே இடத்தில் இதே கேள்வியைத்தான் கேட்பார் போலிருந்தது. இருந்தாலும் பிற்பகல் முழுக்க அந்தக் கேள்வி கூடவே வந்தது.

பகல் சாப்பாட்டைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஆறிப்போன சோறு, உப்பில்லாத பருப்பு. கையில் ரொட்டியும் சம்பலும் கட்டிக்கொண்டு போவது புத்தி.

கண்டி போர்க் கல்லறைத் தோட்டத்தில்தான் இந்த மனுசன் யார் என்று தெரிந்தது. இரண்டாம் உலகப் போரில் இறந்தவர்களின் கல்லறைகள் வரிசையாக இருக்கின்றன. பிரித்தானியர், கிழக்கு ஆபிரிக்கர், இந்தியர், நம் நாட்டவர் என்று எல்லோரும் ஒரே அளவுக் கல்லின் கீழே. எங்களைப் புல்லில் உட்கார வைத்துவிட்டு ஒரு தடித்த பைலைத் திறந்தார். உள்ளே முழுக்க முதல் உலகப் போரில் இறந்த ரயில் ஊழியர்களுக்கு இங்கிலாந்து ஸ்டேஷன்களில் வைத்திருக்கும் நினைவுச் சின்னங்களின் படங்கள்.

லண்டன் பேடிங்டனில், வீட்டுக் கடிதத்தை வாசித்துக்கொண்டு நிற்கும் சிப்பாயின் சிலை. 1922 நவம்பர் 11 அன்று திறந்தது. கிரேட் வெஸ்டர்ன் ரயில் கம்பெனி ஒன்றில் மட்டும் 2,524 பேர் போரில் இறந்திருக்கிறார்கள். லிவர்பூல் ஸ்ட்ரீட் ஸ்டேஷனில் ஆயிரத்துக்கு மேற்பட்ட பெயர்கள் வெட்டிய சுவர். அதை 1922 ஜூன் 22 அன்று திறந்துவைத்த பிரித்தானிய பீல்ட் மார்ஷல் சர் ஹென்றி வில்சன், விழா முடிந்து வீடு திரும்பியபோது வாசலிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். அதே ஸ்டேஷனில் கேப்டன் பிரயட்டுக்கும் ஒரு நினைவுக் கல் இருக்கிறது. கப்பல் கேப்டனுக்கு ரயில்வே ஸ்டேஷனில் என்ன வேலை என்று பின்னாலிருந்து ஒருவர் கேட்டார். அந்தக் காலத்து ரயில் கம்பெனிகளுக்குச் சொந்தக் கப்பல்களும் இருந்தன, இவர் ரயில் கம்பெனியின் சம்பளக்காரர். 1915இல் தன்னை நிறுத்தச் சொன்ன ஜெர்மன் நீர்மூழ்கியை நோக்கியே கப்பலை நேராகத் திருப்பியவர். அடுத்த வருடம் பிடிபட்டு, 1916 ஜூலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். ஐயா இதைச் சொன்ன விதத்துக்கு, போனை நோண்டிக்கொண்டிருந்த பிள்ளைகள்கூட நிமிர்ந்துவிட்டார்கள்.

அடுத்த படம் தாய்லாந்தின் காஞ்சனபுரி. ஜப்பானியர் போர்க் கைதிகளையும் ஆசியத் தொழிலாளரையும் வைத்து 1942, 43இல் போட்ட சயாம் மரண ரயில், 415 கிலோமீட்டர். அங்கே போர்க் கைதிகளுக்கு ஒழுங்கான கல்லறைத் தோட்டம் இருக்கிறது, ஏறக்குறைய 7,000 கல்லறைகள். மலாயா இறப்பர் தோட்டங்களிலிருந்து கொண்டுபோன தமிழர்களுக்கு அப்படிப் பெயர் வெட்டிய கல் வரிசை கிடையாது. இறந்த ஆசியத் தொழிலாளர் 90,000 அளவில் என்று மதிப்பிடுகிறார்கள். திருச்சி, சேலம், புதுக்கோட்டைப் பக்கமிருந்து கங்காணி பின்னால் கிளம்பியவர்களில் சிலர் இந்த மலைக்கு வந்தார்கள், சிலர் மலாயாவுக்குக் கப்பல் ஏறினார்கள். ஒரே ஊர், சில வேளை ஒரே வீடு. அதனால் எங்கள் கூட்டத்துக்கு இது வேற்று நாட்டுக் கதையாக இருக்கவில்லை.

இங்கே ஒரு குறை. "ஒரு சிலீப்பர் கட்டைக்கு ஒரு உயிர்" என்றார், தண்டவாளத்துக்கு அடியில் குறுக்கே போடுகிற கட்டையைத்தான் சொன்னார். கேட்கிறவர் மனம் பதறும், ஆனால் கணக்கு வராது. கிலோமீட்டருக்கு ஆயிரம் கட்டை என்று குறைத்துப் போட்டாலே நாலு லட்சத்தைத் தாண்டுகிறது. உண்மைக் கணக்கே போதாதா? இதே ஐயாதான் காலையில், போருக்கு இரும்பு போய்விட்டதால்தான் தெமோதரை ஒன்பது வளைவுப் பாலத்தைக் கல்லாலும் சிமெந்தாலும் கட்டினார்கள் என்பதை, "ஊர்ல சொல்ற கதை, அப்படியே நம்பிடாதீங்க" என்று எச்சரித்தார். அந்தக் கவனம் பிற்பகலிலும் இருந்திருக்கலாம்.

நம் நாட்டுக்கு வந்ததும் சட்டென்று சுருக்கிவிட்டார். 1942 ஈஸ்டர் ஞாயிறன்று இரத்மலானை ரயில் பட்டறையில் விழுந்த ஜப்பானியக் குண்டு, 1985இல் முறிகண்டியில் தகர்க்கப்பட்ட யாழ்தேவி ரயில், 1990இல் நின்ற வடக்குப் பாதை, பங்கருக்குப் போன சிலீப்பர் கட்டைகள், 2014இல் திரும்பவும் யாழ்ப்பாணம் போன ரயில், எல்லாம் ஐந்து நிமிடத்தில். உங்களோடு வேலை செய்தவர்களில் யாராவது என்று கேட்டேன். "அது கூட்டத்துல வேணாம் மகள்" என்றார். வேனில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து இரண்டு பேரைப் பற்றிச் சொன்னார். அதை இங்கே எழுதப் போவதில்லை. ஆனால் அவர் கூட்டத்தில் பேச வேண்டிய பகுதி அதுதான் என்பது என் எண்ணம்.

பத்து வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகள் கல்லறைத் தோட்டத்தில் சலித்துப்போவார்கள், அவர்களை நூதனசாலையோடு அனுப்பிவிடலாம். பாடசாலையிலிருந்து கூட்டிப்போகிற ஆசிரியர்கள் யோசிக்காமல் பதியலாம். பதியும்போதே தமிழ்க் கூட்டம் என்று சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் பாதி சிங்களத்திலும் பாதி ஆங்கிலத்திலும் போய்விடும். மழைக் காலத்தில் மண் சரிந்து பாதையை மூடிவிடுவதும் உண்டு, அதனால் முதல் நாள் இரவு போன் பண்ணிக் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள்.