கூமுனைக்குப் போகிறீர்களா? முதலில் ஜீப்காரரைப் பாருங்கள்

இலங்கையின் தென்கிழக்குக் கரையில் உள்ள தேசியப் பூங்கா இது, பலகையில் குமண என்று போட்டிருப்பார்கள், எங்கள் பக்கத்து ஆட்களுக்கு அது எப்போதும் கூமுனைதான். போன மாதம் அம்மாவையும் கனடாவில் இருந்து வந்த மச்சானையும் கூட்டிக்கொண்டு போய்வந்தோம். எனக்கு இது இரண்டாவது தடவை, ஆனால் முதல் தடவையை நான் கணக்கில் சேர்ப்பதே இல்லை.

அந்த முதல் தடவை அறுகம்பையில் கண்ணில் பட்ட ஜீப்பைப் பிடித்துக்கொண்டு போனோம். சாரதி ஏறியதும் சொன்ன முதல் வார்த்தை புலி, சிறுத்தையைத்தான் அப்படிச் சொல்வது. உள்ளே போனபிறகு அவருக்கு ஒரு போன் வந்தது, உடனே வண்டியைத் திருப்பி அடித்தார் ஒரு ஓட்டம், பின் சீட்டில் இருந்த நாங்கள் கம்பியைப் பிடித்தபடி தலைமுடி எல்லாம் செம்மண்ணாக அங்கே போய்ச் சேர்ந்தால், முன்னால் வேறு நான்கு ஜீப் நிற்கிறது, புலி போய்விட்டது. பறவைகள் கூடு கட்டும் சதுப்பு நிலமான வில்லுக்கு வந்தபோது ஐந்து நிமிடம், அதுவும் எஞ்சினை நிறுத்தவில்லை. காசு கொடுத்து இடுப்பு வலி வாங்கினோம்.

அதனால் இந்தத் தடவை பூங்காவுக்குப் போகும் வழியில் உள்ள பாணமைக்குப் போய் அங்கே உள்ள ஒருவரின் ஜீப்பைப் பேசினோம். பேசும்போதே, புலி வந்தால் பார்ப்போம், வராவிட்டால் பரவாயில்லை, எங்களுக்கு வில்லில் ஒரு மணித்தியாலம் வேண்டும், அங்கே எஞ்சின் ஓடக்கூடாது என்று சொல்லிவிட்டேன். மனிதர் சிரித்தார். “அப்படிக் கேட்கிறவங்க குறைவு” என்றார், பாதி சிங்களம் பாதி தமிழ்.

மட்டக்களப்பில் இருந்து பொத்துவிலுக்கே நூறு கிலோமீட்டருக்கு மேல் வரும், அதனால் விடியப் புறப்பட்டுப் போகலாம் என்று நினைக்காதீர்கள், முதல் நாளே போய்ப் பொத்துவிலிலோ பாணமையிலோ தங்குங்கள். பாணமைக்கு அங்கால உகந்தை வரைக்கும் உள்ள பாதையில் யானை நிற்கும், காலை இருட்டோடு வேகமாக ஓடவேண்டாம். பூங்கா வாசல் உகந்தையில், முருகன் கோயிலுக்குப் பக்கத்திலேயே. கும்பிட்டுவிட்டு உள்ளே போகலாம். டிக்கட் தலைக்கு ஒன்று, வாகனத்துக்கு ஒன்று, அதற்கு மேலே வரி. அடையாள அட்டையை மறக்காமல் எடுத்துக்கொண்டு போங்கள். மச்சானுக்கு வெளிநாட்டவர் கட்டணம், கணக்குப் பார்த்துவிட்டு அரைமணி நேரம் பேச்சில்லாமல் இருந்தார்.

சரி, வில்லுக்கு வருவோம். அதற்காகத்தானே போனது. கும்புக்கன் ஓயா என்ற ஆற்றில் தண்ணீர் கூடும்போது ஒரு ஒடுங்கிய வாய்க்கால் வழியாக வந்து நிரப்புகிற சதுப்பு நிலம் இது, 200 ஹெக்டேர் அளவில் வரும். கிண்ணை மரமும் சம்புப் புல்லுமாக நிற்கும். பூங்கா முழுக்க 356 சதுர கிலோமீட்டர் இருந்தாலும், 1938 இலேயே இதைப் பறவைகள் சரணாலயமாக அறிவித்ததற்குக் காரணம் இந்த ஒரு துண்டுதான். மே முதல் ஜூலை வரை கூடு கட்டும் காலம். நாங்கள் போனது ஜூன் கடைசி.

எஞ்சின் நின்றதும் முதலில் வந்தது சத்தம். ஒரு மீன் சந்தையை மரத்தின் மேல் ஏற்றி வைத்த மாதிரி. அப்புறம் வாடை, அதையும் மறைக்காமல் சொல்லவேண்டும், எச்சமும் பழைய மீனும் கலந்த வாடை, மச்சான் சேர்ட்டை மூக்குவரைக்கும் இழுத்துவிட்டார். கொஞ்சம் பழகியபிறகு ஒரு கூட்டை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். சங்குவளை நாரை ஒன்று வெயிலுக்கு முதுகைக் கொடுத்து, இரண்டு செட்டையையும் பாதி விரித்தபடி நிற்கிறது. ஏன் இப்படி நிற்கிறது என்று பார்த்தால் அந்த நிழலுக்குள் மூன்று குஞ்சு, வெள்ளைப் பஞ்சு மாதிரி. வெயில் நகர நகர தாயும் காலை மாற்றி மாற்றித் திரும்புகிறது. அடுத்த மரத்தில் கூழைக்கடா, வாயைப் பிளந்து தொண்டைப் பையைப் படபடவென்று ஆட்டி வெக்கையை ஆற்றுகிறது. கருங்கழுத்து நாரையைப் பார்க்க ஆசை, இலங்கையில் அது இருக்கிற இடங்களே கொஞ்சம், ஆனால் எங்களுக்குக் கிடைக்கவில்லை. திரும்பும் வழியில் முதலை, மயில், எருமை, தூரத்தில் ஒரு கொம்பன். புலி இல்லை.

தண்ணீர், சாப்பாடு எல்லாம் நீங்களே கொண்டுபோங்கள், உள்ளே கடை கிடையாது. தொலைநோக்கி ஒன்றை யாரிடமாவது கடன் வாங்குங்கள், போன் கமராவை நம்பிப் போனால் வெள்ளைப் புள்ளிகள்தான் மிஞ்சும். யானை மட்டும் பார்த்தால் போதும் என்கிறவர்கள் இவ்வளவு தூரம் வராமல், பொத்துவிலில் இருந்து மொனராகலை வீதியில் லகுகலைக்குப் போங்கள், வறண்ட மாதங்களில் குளத்துக்குள் புல் தின்ன இறங்கும், வீதியில் நின்றே பார்க்கலாம்.

ஐந்துக்கு நாலரை கொடுப்பேன். அரையைக் கழித்தது வெக்கைக்கு. அந்த முதல் ஜீப்புக்கு ஒன்று கொடுப்பதே அதிகம்.

கடைசியாக ஓயாக் கரையில் நிறுத்தினார். அம்மா சின்ன வயதில் அம்மம்மாவோடு கதிர்காமத்துக்கு நடந்துபோனது இந்த வழியால்தான். சண்டைக் காலத்தில் 1985 முதல் 2003 வரை பூங்காவே மூடிக்கிடந்தது, அதற்குப் பிறகும் அவருக்கு வரக் கிடைக்கவில்லை. இறங்கி, செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு தண்ணீர்ப் பக்கம் நடந்தார்.

“அம்மா, போகவேணாம், முதலை இருக்கு” என்று சாரதி கத்தினார்.

“அப்பவும் இருந்தது மகன்” என்றுவிட்டு, ஒரு கை தண்ணீரை அள்ளித் தலையில் தெளித்துக்கொண்டு வந்து ஏறினார்.