கன்னியாகுமரிக்குப் பௌர்ணமியில் வரலாமா, அஷ்டமியிலா?

வெளியூர்ச் சொந்தக்காரர்கள் அடிக்கடி கேட்பது இது. கடலின் மட்டத்தை வைத்தே சொல்கிறேன்.

நீர்மட்டம்: பௌர்ணமி, அமாவாசையில் சூரியன், பூமி, சந்திரன் ஒரே கோட்டில் நிற்பதால் சூரியன், சந்திரன் இரண்டின் இழுவிசையும் சேர்ந்துகொள்கிறது, ஏற்றமும் பெரிது, வற்றமும் பெரிது. அஷ்டமியில் இரண்டும் செங்குத்தாக இழுப்பதால் வித்தியாசம் குறைவு. பெரிது என்றாலும் நம் பக்கம் ஒரு மீட்டருக்குள்தான். குஜராத்தின் காம்பத் வளைகுடாவில் பத்து மீட்டர் வரை போகும்!

படகு: அந்த ஒரு மீட்டரே இங்கே போதும். பௌர்ணமியை ஒட்டிக் கடல் உள்வாங்கினால் விவேகானந்தர் பாறைக்குப் படகு தாமதமாகத்தான் கிளம்பும். அஷ்டமியில் இந்தத் தொல்லை குறைவு. வள்ளுவர் சிலைக்கு 2024 டிசம்பரில் கண்ணாடிப் பாலம் வந்துவிட்டதால், பாறைக்குப் போய்ச் சேர்ந்தால் அப்புறம் நடைதான்.

காட்சி: இதில் பௌர்ணமிக்கு ஈடில்லை. மேற்கே சூரியன் இறங்க, கிழக்கே சந்திரன் எழும். சித்ரா பௌர்ணமியில் கூட்டம் நெரியும்.

கள்ளக்கடலுக்கு மட்டும் திதி கிடையாது. தெற்கே ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி அடித்த புயலின் அலை, இங்கே காற்றே இல்லாதபோதும் கரையேறுவதுதான் அது. பெரும்பாலும் கோடையில்தான். எச்சரிக்கை வந்தால் எந்த நாளானாலும் கரையில் இறங்காதீர்கள்.

சரி, சின்னப் பிள்ளைகள், வயதானவர்களோடு படகுக்காக வருபவர்களுக்கு அஷ்டமி. நிலா பார்க்க, ஒரு ராத்திரி தங்க முடிந்தவர்களுக்குப் பௌர்ணமி.