தக்கைப்பூண்டா, சணப்பையா, கொளுஞ்சியா? நெல்லுக்கு முன் எதை விதைப்பது

எத்தனை டன் தழை வருகிறது என்பதை மட்டும் பார்த்துப் பசுந்தாளுரப் பயிரை, அதாவது வளர்த்துப் பச்சையாகவே மண்ணில் மடக்கி உழும் உரப்பயிரை, தேர்ந்தெடுப்பது தவறு. மடக்கி உழுத தழை மண்ணிலுள்ள நுண்ணுயிர்களுக்குத் தீனி. அவை தின்னும் பதத்தில் அது இருக்க வேண்டும்.

காவிரி டெல்டாவின் களிமண்ணுக்குத் தக்கைப்பூண்டுதான் எங்கள் முதல் தேர்வு. ஏக்கருக்கு 20 கிலோ விதை. ஒரு சாண் எழும்பிவிட்டால் கோடைமழை நீர் தேங்கினாலும் தாங்கும். களர், உவர் நிலத்திலும் வரும். 45 நாளில், பூவெடுக்கும் தருணத்தில், 8 முதல் 10 டன் தழை கிடைக்கும். தண்ணீர் வரட்டும் என்று 60 நாளைத் தாண்ட விட்டால்தான் வினை. தண்டு கட்டையாகிவிடும். அதில் கரிமம் (கார்பன்) மிகுதி, தழைச்சத்து (நைட்ரஜன்) குறைவு. அதை மட்க வைக்க நுண்ணுயிர்கள் மண்ணிலிருக்கும் தழைச்சத்தையும் இழுத்துக்கொள்ளும். நட்ட பயிர் வெளுத்து நிற்கும்.

வடிகாலுள்ள மணற்பாங்கான நிலமென்றால் சணப்பை. ஏக்கருக்கு 10 முதல் 15 கிலோ போதும். மளமளவென்று வளர்ந்து களையை அமுக்கிவிடும். ஆனால் தேங்கிய நீர் ஆகாது. நார்ப்பயிர் என்பதால் முற்றவிட்டால் ரோட்டவேட்டர் கத்தியில் சுற்றிக்கொள்ளும், மட்கவும் நாளாகும்.

பாசன வசதியே இல்லாத கோடைத் தரிசுக்குக் கொளுஞ்சி. ஏக்கருக்கு 6 முதல் 8 கிலோ. விதைத்தோல் கடினமானது, மணலோடு சேர்த்துத் தேய்த்து விதைக்காவிட்டால் முளைப்பு மோசமாக இருக்கும். வளர்ச்சி மெதுவு, தழையும் 3 டன்னுக்குள்தான். இருந்தாலும் ஆடுமாடு அவ்வளவாக வாய்வைக்காது, உதிர்ந்த விதை அடுத்த ஆண்டு தானே முளைக்கும். வேலியில்லாத வயலுக்கு இது பெரிய லாபம்.

எதை விதைத்தாலும் 30ஆம் நாளில் நாலு செடியை மண்ணோடு தோண்டி எடுத்து வேரில் ஒட்டியிருக்கும் சிறு உருண்டைகளான வேர்முடிச்சை நகத்தால் கிள்ளிப் பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் காற்றிலுள்ள தழைச்சத்தைப் பிடிக்கிறது. வெளுப்போ பச்சையோ என்றால் இல்லை. நெல்லுக்கு இட வேண்டிய சூப்பர் பாஸ்பேட்டைப் பசுந்தாளுக்கே இட்டுவிட்டால் முடிச்சு நன்றாகக் கட்டும்.

மடக்கி உழுத மறுநாளே நடவு செய்யாதீர்கள். 7 முதல் 10 நாள் விடுங்கள். காற்றில்லாத சேற்றில் பச்சைத்தழை அழுகும்போது உண்டாகும் அமிலங்களும் வாயுவும் இளவேரைக் கெடுக்கும். கால் வைத்தால் குமிழி கிளம்பி அழுகிய முட்டை வாடை அடித்தால், நாற்றைப் பிடுங்கி வேர் கறுத்திருக்கிறதா என்று பாருங்கள். கறுத்திருந்தால் யூரியா போட ஓடாமல் முதலில் நீரை வடித்து, மயிரிழை வெடிப்பு விழும்வரை காயவிட்டு, பிறகு தண்ணீர் கட்டுங்கள்.