ட்ராலரின் முன்தளத்தில் எந்தப் பீரங்கி?

இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் கடற்படை மீன்பிடி ட்ராலர்களை நூற்றுக்கணக்கில் காவல் பணிக்கு எடுத்துக்கொண்டது. லோவெஸ்டாஃப்ட் நகரைத் தலைமையிடமாகக் கொண்ட ரோந்துப் பிரிவில் பணியாற்றியவர்களில் பலர் மீனவர்கள். வலை இழுப்பதற்கென்று கட்டப்பட்ட அந்தச் சிறு கலங்களில் 4 அங்குலப் பீரங்கி, 12 பவுண்டர் என்ற சிறிய பீரங்கி, ஓர்லிக்கான் என்ற 20 மில்லிமீட்டர் விமான எதிர்ப்புத் துப்பாக்கி ஆகிய மூன்றில் எது பொருந்தியது என்பதை அவை ஆற்றிய வேலையை வைத்தே எடைபோட வேண்டும்.

நீர்மூழ்கியை எதிர்கொள்ளும்போது 4 அங்குலத்துக்கு ஈடில்லை. அதன் குண்டு ஏறத்தாழ 14 கிலோ. 12 பவுண்டரின் குண்டோ 6 கிலோவுக்கும் குறைவு. 1940 ஜூனில் ஏடன் அருகே 'மூன்ஸ்டோன்' என்ற ட்ராலர், தன்னைவிடப் பெரியதும் இரண்டு 100 மில்லிமீட்டர் பீரங்கிகள் கொண்டதுமான 'கலிலியோ கலிலேய்' என்ற இத்தாலிய நீர்மூழ்கியின் கோபுரத்தில் 4 அங்குலக் குண்டுகளைப் பாய்ச்சிச் சரணடைய வைத்தது.

1941 அக்டோபர் 4 அன்று கேனரித் தீவுகளுக்கு அருகே 'லேடி ஷர்லி' என்ற ட்ராலர் நடத்திய சண்டை இன்னும் தெளிவான பாடம். அதன் நீரடி வெடிகுண்டுகள் யு-111 என்ற ஜெர்மன் நீர்மூழ்கியை மேலே வரவழைத்தன. மேற்பரப்பில் 18 நாட் (மணிக்குச் சுமார் 33 கிலோமீட்டர்) வேகத்தில் ஓடக்கூடிய அந்த நீர்மூழ்கியைத் துரத்திப் பிடிக்கும் வேகம் ட்ராலருக்குக் கிடையாது. கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்போதே அடித்தாக வேண்டும். 4 அங்குலம் நீர்மூழ்கியின் உடலைத் துளைத்தது. அதே நேரம், ஜெர்மானியர் தங்கள் 10.5 செண்டிமீட்டர் பீரங்கியை நெருங்கவிடாமல் இயந்திரத் துப்பாக்கிகள் தளத்தைத் துடைத்தெடுத்தன. சுமார் இருபது நிமிடங்களில் யு-111 மூழ்கியது. அதன் 44 பேர் சிறைப்பட்டனர். பெரிய பீரங்கி மட்டுமே இருந்திருந்தால் இந்த வெற்றி கிடைத்திருக்குமா என்பது ஐயமே.

ஆனால் 4 அங்குலத்துக்கு இரண்டு குறைகள் உண்டு. ட்ராலர்களுக்குக் கிடைத்த பழைய வகைகள் பெரும்பாலும் வானை நோக்கி உயர்த்திச் சுட ஏற்றவையல்ல. மேலும், ஆடும் தளத்தில், இருட்டில், ஈரக் கையால் 14 கிலோ குண்டைத் தூக்கித் திணிப்பது எளிதன்று.

1890களிலேயே சேவைக்கு வந்த 12 பவுண்டர் இங்குதான் முந்துகிறது. 76 மில்லிமீட்டர் குழல் விட்டம் கொண்ட அது எடை குறைந்தது, தளத்தை அதிகம் உலுக்காதது, பழகிய ஒரு குழு நிமிடத்துக்குச் சுமார் 15 குண்டுகள் வரை சுடக்கூடியது. உயர்த்திச் சுடும் தாங்கியில் வைத்தால் விமானத்தையும் குறிபார்க்கலாம். எனினும், தாழப் பறந்து வரும் விமானத்தைத் துல்லியமான கணிப்புக் கருவிகள் இல்லாமல் ஒற்றைக் குண்டால் வீழ்த்துவது அரிது. அந்த இடைவெளியை நிரப்பியது ஓர்லிக்கான். மின்சாரமோ நீரழுத்தமோ அதற்குத் தேவையில்லை. சுடுபவர் தோள்தாங்கியில் சாய்ந்து, இடுப்பில் வாரைக் கட்டிக்கொண்டு, தன் உடலாலேயே துப்பாக்கியைத் திருப்புவார். நிமிடத்துக்கு 450 என்ற வேகத்தில் 60 குண்டுகள் கொண்ட டிரம் எட்டே நொடியில் காலியாகிவிடும். அடுத்த டிரம்மை, நிரம்பிய நிலையில் சுமார் 28 கிலோ எடையுள்ள அதை, ஏற்றும் வரை அந்தக் கலம் அந்தப் பக்கம் பாதுகாப்பற்று நிற்கும். இதனால்தான் ஒன்றுக்கு மேற்பட்டவை தேவைப்பட்டன.

எனவே, கடற்படை தானே வடிவமைத்துக் கட்டிய ஐல்ஸ் வகை ட்ராலர்களின் ஏற்பாடு எனக்குச் சரியாகவே படுகிறது. 545 டன்னும் 12 நாட் வேகமும் கொண்ட அவற்றில் முன்னால் ஒரு 12 பவுண்டர், சுற்றிலும் மூன்று அல்லது நான்கு ஓர்லிக்கான், பின்னால் நீரடி வெடிகுண்டுகள் என்று அமைத்தனர். விமான ஆபத்து குறைந்த திறந்த கடலில் நீர்மூழ்கியைத் தேடிச் செல்லும் கலத்துக்கு மட்டும் நான் 4 அங்குலத்தையே கேட்பேன். ஆனால் 1942 மே மாதம் வட கரோலினாவுக்கு அப்பால் யு-558 என்ற ஜெர்மன் நீர்மூழ்கி ஏவிய டார்பிடோவுக்கு 'பெட்ஃபோர்ட்ஷயர்' என்ற ட்ராலர் இரையானபோது, அதன் 4 அங்குலத்தால் எந்தப் பயனும் விளையவில்லை. கப்பலில் இருந்த ஒருவரும் பிழைக்கவில்லை.