சைக்கிள் சக்கரத்தில் ஃபைஃபாக்ஸ்: தொடுகோட்டு முடுக்கத்தைக் கண்முன் காட்டும் செயலி

இயற்பியல் டியூஷன் எடுக்கும் எவருக்கும் ஃபைஃபாக்ஸ் (phyphox) என்ற இந்தப் போன் செயலியைத் தயங்காமல் சொல்வேன். ஜெர்மனியின் ஆகன் நகரிலுள்ள தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் உருவாக்கி 2016இல் வெளியிட்டார்கள். காசு கிடையாது, விளம்பரம் கிடையாது. போனுக்குள் ஏற்கெனவே இருக்கிற உணரிகளை (சென்சார்களை) அளவுக் கருவிகளாக்கித் தருகிறது. நான் இருக்கும் மியான்மரின் யாங்கூனில் கரண்ட் போகிற நேரத்துக்குக் கணக்கில்லை. என் வகுப்புக்கு வரும் பிள்ளைகள் பாதிப் பேர் ஆய்வுக்கூடத்தில் ஒரு கருவியையும் தொட்டதில்லை. போனில் சார்ஜ் இருந்தால் சோதனை நடக்கும் என்பதே எனக்குப் பெரிய விஷயம்.

சுழற்சி இயக்கத்தில் பிள்ளைகள் திணறுவது எப்போதும் ஒரே இடத்தில்தான். சுற்றும் பொருளை மையத்தை நோக்கித் திருப்பும் மையநோக்கு முடுக்கத்தைப் பிடித்துக்கொள்வார்கள். சுற்றும் வேகம் கூடும்போதோ குறையும்போதோ மட்டும் வரும் தொடுகோட்டு முடுக்கம் என்றதும், "சக்கரம் வேகமா சுத்துதுல்ல டீச்சர், அப்ப அதுவும் அதிகமாத்தானே இருக்கணும்?" என்று கேட்பார்கள். வேகமாகச் சுற்றுவதற்கும் வேகம் மாறுவதற்கும் உள்ள வித்தியாசம் வாயால் சொல்லி மண்டையில் ஏறுவதில்லை. மையநோக்கு முடுக்கம் ஆரத்தையும் கோணத் திசைவேகத்தின் (சுற்றும் வேகத்தின்) வர்க்கத்தையும் பெருக்கினால் வருவது. தொடுகோட்டு முடுக்கமோ ஆரத்தையும் கோண முடுக்கத்தையும் (சுற்றும் வேகம் மாறும் வீதத்தையும்) பெருக்கினால் வருவது. சக்கரம் சீராகச் சுற்றினால் கோண முடுக்கம் பூஜ்யம், ஆகவே தொடுகோட்டு முடுக்கமும் பூஜ்யம்.

இதைக் காட்டத்தான் சைக்கா (எங்கள் ஊர் சைக்கிள் ரிக்‌ஷா) ரிப்பேர் பார்க்கும் அண்ணனிடம் டயர் கழற்றிய பழைய சக்கரம் ஒன்றை வாங்கினேன். அச்சு செங்குத்தாக நிற்கும்படி பலகையில் இறுக்கினால் சக்கரம் மேசைபோல் படுத்துச் சுற்றும். படுக்க வைப்பது முக்கியம். நிமிர்ந்து நிற்கும் சக்கரத்தில் போன் சுற்றும்போது புவியீர்ப்பு ஒரு சுற்றுக்கு ஒருமுறை முடுக்க அளவுகளில் அலையாக ஏறி இறங்கும். போனை ஆரக்கம்பிகளின் மேல் கட்டும்போது அதன் நீளவாட்டு ஆரக்கம்பியோடு ஒத்திருக்க வேண்டும். அப்போது ஒய் அச்சு மையநோக்கு, எக்ஸ் அச்சு தொடுகோடு. எதிர்ப்பக்கம் அதே எடையில் இன்னொரு போனைக் கட்டிச் சமன் செய்தேன்.

இழுவைக்கு எங்கள் ஊர் வசதி ஒன்று கைகொடுத்தது. யாங்கூன் மாடி வீடுகளில் பேப்பரும் சாப்பாட்டுப் பொட்டலமும் தூக்கப் பால்கனியில் கயிறு தொங்குமே, அதையே ரிம்மில் சுற்றி, கம்பியில் மாட்டிய கப்பி வழியாகக் கீழே விட்டு, நுனியில் ஒரு சின்னப் பூட்டைக் கட்டினேன். நாங்கள் முதல் மாடி. பூட்டு தெருவைத் தொட நான்கு வினாடி ஆகிறது. ஒரு பையனைக் கீழே நிறுத்தி, யாரும் குறுக்கே வராத நேரம் பார்த்துத்தான் விடுவோம்.

செயலியில் கூட்டல் குறியைத் தொட்டால் வேண்டிய உணரிகளைச் சேர்த்து நம் சோதனையை நாமே அமைக்கலாம். முடுக்கமானியையும், சுற்றும் வேகத்தை அளக்கும் ஜைராஸ்கோப்பையும் சேர்த்தேன். 'ஜி இல்லாத முடுக்கம்' என்பதை எடுக்காதீர்கள். புவியீர்ப்பைக் கழிக்கும் அந்தக் கணக்கு தொடர்ந்து சுழலும் போனில் தடுமாறும். சக்கரம் படுத்திருக்கும்போது ஜி முழுவதும் திரைக்குச் செங்குத்தான இசட் அச்சில் ஒதுங்கிவிடும், கழிக்கவே தேவையில்லை.

பூட்டை விட்டோம். கோணத் திசைவேகம் நேர்கோடாக ஏறி நான்கு வினாடியில் வினாடிக்கு 8 ரேடியன் ஆனது. கோண முடுக்கம் 2. போன் இருந்த ஆரம் 20 செ.மீ. ஆக, தொடுகோட்டு முடுக்கம் 0.4 மீ/வி², படுத்த கோடு. மையநோக்கு முடுக்கமோ வளைந்து வளைந்து 12.8 வரை ஏறியது. பூட்டு தரையைத் தொட்ட கணம்தான் பிள்ளைகள் மூச்சடைத்துப் பார்த்தது: சக்கரம் உச்ச வேகத்தில் சுற்றுகிறது, மையநோக்கு முடுக்கம் 12க்கு மேல் நிற்கிறது, தொடுகோட்டு முடுக்கம் மட்டும் பூஜ்யத்துக்குக் கொஞ்சம் கீழே இறங்கிவிட்டது. அந்தக் கொஞ்சம், பேரிங் உராய்வு. ரிம்மில் துணியை அழுத்திப் பிடித்தால் இன்னும் ஆழமாக இறங்கும்.

இதையெல்லாம் இன்னொரு போனின் பிரவுசரில் நேரலையாகப் பார்க்கலாம். ஹாட்ஸ்பாட் போதும், இணையம் வேண்டாம். இந்த ஒரு வசதிக்காகவே இதை விடமாட்டேன்.

குறைகளும் உண்டு. மையநோக்கு முடுக்கத்துக்குத் தயார்ச் சோதனை இருக்கிறது, தொடுகோட்டுக்கு இல்லை. எக்ஸ் அச்சு எண்ணை அப்படியே நம்பவும் முடியாது. போன் 3 பாகை கோணலாகக் கட்டப்பட்டிருந்தாலே 12.8இல் ஏறத்தாழ 0.67 எக்ஸ் அச்சுக்குள் கசிந்துவிடும். நாம் தேடும் 0.4ஐவிட அது அதிகம்! கோடு படுக்காமல் வேகத்தோடு சேர்ந்து ஏறினாலோ இறங்கினாலோ கோணல் என்று அர்த்தம். திருத்திக் கட்ட வேண்டும். என் தீர்ப்பு, ஜைராஸ்கோப் கோட்டின் சரிவிலிருந்து கோண முடுக்கத்தை எடுத்து ஆரத்தால் பெருக்குவதே பத்திரம். முடுக்கமானி சரிபார்க்க மட்டும். போனுக்குள் உணரி எந்த மூலையில் இருக்கிறது என்று தெரியாவிட்டாலும் ஆரம் கிடைக்கும்: தயார்ச் சோதனையில் கோணத் திசைவேகத்தின் வர்க்கத்துக்கு எதிரே முடுக்கத்தை வரைகிறார்கள், அந்தக் கோட்டின் சரிவே ஆரம்.

இன்னொன்று செயலியின் குற்றமல்ல. விலை குறைந்த போன்கள் பலவற்றில் ஜைராஸ்கோப்பே இருப்பதில்லை. என் மாணவர்களில் சிலர் ஆசையாக இறக்கிவிட்டு, உணரி இல்லை என்ற செய்தியைப் பார்த்து முகம் வாடிப் போனார்கள். அவர்களுக்காகத்தான் என் போனை வகுப்பு முடியும்வரை சக்கரத்திலேயே விட்டுவைக்கிறேன். ஐந்துக்கு நாலரை நட்சத்திரம். தொடுகோட்டு முடுக்கத்துக்கும் ஒரு தயார்ச் சோதனை சேர்த்தால் மீதி அரையையும் தருவேன்.