நியூட்டன் தேனீப் பெட்டி: தை முதல் மறு தை வரை

ஓட்டு வீட்டைக் கோடையில் பார்த்துவிட்டு விலை பேசி முடிப்பவருக்கு எங்கே ஒழுகும் என்று தெரியாது. தேனீப் பெட்டியும் அப்படித்தான். பூக்காலத்தில் எந்தப் பெட்டியில் வைத்தாலும் தேனீ தேன் சேர்க்கும். அந்தத் தேனைப் பார்த்த மகிழ்ச்சியில் பெட்டியைப் புகழ்ந்து எழுதிவிடுவதும் எளிது. நான் வாங்கிய பெட்டிகளைப் பற்றி ஓராண்டு முழுவதும் எழுதாமல் பொறுத்திருந்ததற்கு அதுவே காரணம்.

சென்ற ஆண்டு தை மாதக் கடைசியில் நியூட்டன் வகைப் பெட்டிகள் மூன்றை வாங்கினேன். இரண்டில் இந்தியத் தேனீக் கூட்டங்கள் இருந்தன. மூன்றாவதை, பின்னால் கூட்டம் பிரிக்கும்போது உதவும் என்று வெறும் பெட்டியாகவே வாங்கி வைத்தேன். எங்கள் தோட்டம் தென்காசிப் பக்கம் மலையடிவாரத்தில் இருக்கிறது. உள்ளே தென்னை, வேலியோரம் புங்கமும் வேம்பும், ஓடைக்கரையில் ஐந்தாறு நாவல், சாலையோரத்தில் வரிசையாகப் புளி, கோயில் வளாகத்தில் வயதான இலுப்பைகள் இரண்டு. இந்தியத் தேனீ பெரும்பாலும் ஒரு கிலோமீட்டர் சுற்றளவுக்குள்தான் இரை தேடும் என்பதால், அந்தச் சுற்றுக்கு வெளியே எத்தனை மரம் பூத்தாலும் என் பெட்டிகளுக்கு அதனால் பயனில்லை.

பெட்டியின் பெயரில் உள்ள நியூட்டன், ஆப்பிள் விழுந்த கதையின் நியூட்டன் அல்லர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் திருச்சியில் இருந்த இயேசு சபைப் பாதிரியார். ஐரோப்பியத் தேனீக்காக அமெரிக்காவில் லாங்ஸ்ட்ராத் வடிவமைத்த பெட்டி, உருவத்திலும் கூட்டத்தின் அளவிலும் சிறியதான நம் ஊர்த் தேனீக்குப் பொருந்தாது என்பதால், அதே கொள்கையில் சிறிய பெட்டியை அவர் அமைத்தார். அடித்தட்டு, அதன்மேல் ஏழு சட்டங்கள் கொண்ட புழு அறை, அதற்கும் மேலே உயரம் குறைந்த சட்டங்களுடன் தேன் அறை, உள்மூடி, மேல்மூடி என்று பிரித்து அடுக்கும் அமைப்பு அது. புழு அறைச் சட்டம் ஏறத்தாழ 20 சென்டிமீட்டர் நீளமும் 14 சென்டிமீட்டர் உயரமும் உடையது. ஒரு கையால் தூக்கி வெயிலுக்கு எதிராகப் பிடித்து முட்டை இருக்கிறதா என்று பார்க்க இதைவிடத் தோதான அளவு இருக்க முடியாது. வடிவமைப்பைப் பொறுத்தவரை எனக்கு ஒரு குறையும் இல்லை. குறை முழுவதும் எனக்கு விற்கப்பட்ட பெட்டிகளின் செய்நேர்த்தியில்தான் இருந்தது.

பிரித்து அடுக்கும் பெட்டி அனைத்துக்கும் உயிர்நாடி, தேனீ நடமாடுவதற்கு விடப்படும் இடைவெளி. இதை 1851 இல் லாங்ஸ்ட்ராத் கண்டுகொண்ட பிறகுதான் சட்டங்களை உடைக்காமல் எடுத்துப் பார்க்கும் தேனீ வளர்ப்பே சாத்தியமாயிற்று. நம் தேனீக்கு எட்டு மில்லிமீட்டர் அளவில் இடைவெளி இருந்தால் அதை வழியாக வைத்துக்கொள்ளும். அதற்கு மேல் இடம் கிடந்தால் வீணாக விடாது, அடை கட்டிவிடும். என் முதல் பெட்டியில் புழு அறைச் சட்டங்களின் மேற்கட்டைக்கும் தேன் அறைச் சட்டங்களின் அடிக்கட்டைக்கும் நடுவே 14 மில்லிமீட்டர் இடைவெளி இருந்தது. வாங்கிய அன்று நான் அளக்கவில்லை. சித்திரையில் தேன் அறையை முதன்முறையாகத் தூக்கியபோது அது வரவில்லை. சற்று அழுத்தித் திருகியதும், ஈர மண்ணிலிருந்து வேர் பிடுங்கும் ஓசையுடன் மேலே வந்தது. இரண்டு அறைகளையும் இணைத்துக் கட்டியிருந்த அடைகள் கிழிந்து, வெள்ளைப் புழுக்கள் மேற்கட்டைகளின் மீது சிதறிக் கிடந்தன. அவற்றின் மேல் தேன் வழிந்துகொண்டிருந்தது. அந்தத் தேனின் வாசத்துக்கு எறும்பு வந்து சேரக் கால் மணி நேரம்கூட ஆகவில்லை. ஒரு மரத்துண்டை ஆறு மில்லிமீட்டர் கூடுதலாக இழைத்திருந்தால் நடந்திருக்காத சேதம் இது. இரண்டாவது பெட்டியில் இந்தக் கோளாறு இல்லை. ஒரே பட்டறையில் செய்த இரண்டு பெட்டிகளுக்குள் அளவு மாறுகிறது என்பதே என் புகார்.

அந்தச் சேதத்தையும் மீறித் தேன் கிடைத்தது என்றால் அதற்குக் காரணம் பெட்டி அல்ல, புங்கம். மாசி வரை தென்னைதான் கூட்டங்களைத் தாங்கியது; தென்னையில் ஏறக்குறைய மாதத்துக்கு ஒரு பாளை வெடிப்பதால் மகரந்தத்துக்குப் பஞ்சம் வருவதில்லை, ஆனால் தேன் அறை நிரம்பும் அளவுக்கு மதுரம் அதிலிருந்து வந்ததாக நான் காணவில்லை. பங்குனியில் வேம்பு தொடங்கியது, பத்து நாள் கழித்து வேலியோரப் புங்கங்கள் பூத்தன. காலையில் மரத்தடியில் வெள்ளையும் இளஞ்சிவப்புமாகப் பூக்கள் பொரி சிதறியதுபோல் கிடக்க, மேலே அண்ணாந்து பார்க்காமலே மரம் முழுவதும் தேனீ இருப்பது காதில் விழுந்தது. அவரைப் பூவைப் போன்ற அந்தச் சிறு பூவில் தேனீ உட்கார்ந்ததும் கீழிதழ்கள் அதன் எடைக்குத் தாழ்ந்து வழிவிடுகின்றன. ஒரு பூவில் மூன்று நான்கு விநாடிக்கு மேல் அது நிற்பதில்லை. அடுத்து நாவல் பூத்தபோது தேன் அறையில் வெள்ளை மெழுகு மூடிகள் ஓரங்களிலிருந்து நடுவை நோக்கி வந்தன. சட்டத்தில் முக்கால் பங்கு மூடிய பிறகே எடுத்தேன். மூடாத தேனில் ஈரம் அதிகம். உணவுத் தர விதி ஈரத்தை 20 விழுக்காட்டுக்குள் வைக்கச் சொல்கிறது, நம் தேனீயின் தேனை அவசரப்பட்டு எடுத்தால் அதைத் தாண்டிவிடும், புளித்தும் போகும். சித்திரையிலும் வைகாசியிலுமாக இரண்டு பெட்டிகளிலிருந்து ஐந்தரைக் கிலோ வந்தது.

இலுப்பையை மட்டும் நம்பி ஏமாந்தேன். தேன் ததும்பும் பூ என்று சிறுவயது முதல் கேட்டிருந்ததால், அவ்விரண்டு மரங்களும் பூக்கும்போது பெட்டி நிரம்பும் என்று எண்ணியிருந்தேன். அது இரவின் பூ. வௌவால்களுக்கு விருந்து வைத்துவிட்டு விடியலில் அல்லிவட்டத்தை உதிர்த்துவிடுகிறது. என் தேனீக்கள் புறப்படும் நேரத்தில் தரையில்தான் கிடக்கும்.

விற்றவர் மாதம் ஒருமுறை தேன் எடுக்கலாம் என்று சொல்லியிருந்தார். ஆனி பிறந்ததும் அந்தப் பேச்சின் பெறுமதி விளங்கியது. சாலையோரப் புளிகள் அப்போதுதான் பூத்தன. பூவுக்குக் குறைவே இல்லை. ஆனால் குற்றாலத்துச் சாரலும் மலைக் கணவாயிலிருந்து இறங்கும் காற்றும் அதே வேளையில் தொடங்கிவிட்டதால், பகல் முழுவதும் தேனீக்கள் வாயிலிலேயே நெருக்கியடித்துக்கொண்டு நின்றன. சற்று வெயில் தெளிந்தால் புறப்படும், ஒரு தூறலில் பாதி திரும்பாது. வாசலுக்கு நேரே மின்கம்பியில் பஞ்சுருட்டான்கள் வேறு வரிசையாக உட்கார்ந்து, பறந்து வருவதைப் பிடித்துத் தின்றன. மரம் பூப்பதும் தேனீக்கு அந்தப் பூ எட்டுவதும் வேறு வேறு என்பது பூக்கால அட்டவணையைப் பார்த்து விளங்கும் விஷயமாக எனக்குத் தோன்றவில்லை.

பெட்டியின் உண்மையான தரமும் இந்தச் சாரலில்தான் தெரிந்தது. நெடுநாளாகத் தேனீ வளர்க்கும் பக்கத்துத் தோட்டத்து அண்ணாச்சி, நான் பெட்டி வாங்கிவந்த வாரத்திலேயே பக்கப்பலகையை விரல் மடக்கித் தட்டிப் பார்த்துவிட்டு, “தம்பி, இது காயாத பலகைல்லா? சாரல்ல முறுக்கிக்கிடும், பாத்துக்கோங்க” என்று சொல்லியிருந்தார். ஆடி நடுவில் இரண்டாவது பெட்டியின் மேல்மூடி ஒரு மூலையில் தூக்கிக்கொண்டது. மூலை இணைப்புகளில் நகம் நுழையும் அளவுக்கு விரிசல் விட்டது. அந்த விரிசலில் மெழுகுப் பூச்சி முட்டையிட்டிருக்க வேண்டும். தேனீக்கள் உட்காராமல் வெறுமையாக இருந்த இரண்டு ஓரச் சட்டங்களில், நூலாம்படை போன்ற இழைகளுக்குள் புழுக்கள் நெளிந்தன, கீழே கருப்பு எச்சம் பொடியாகக் கிடந்தது. பலமான கூட்டம் இந்தப் பூச்சியைத் தானே வெளியேற்றிவிடும். பசியில் சுருங்கிய கூட்டத்தால் முடியாது. பெட்டியுடன் தந்த இரும்புத் தாங்கியின் எறும்புக் கிண்ணங்கள் மட்டும் பாராட்டத் தக்கவை: ஆழமாகவும் அகலமாகவும் இருந்ததால் நீர் வற்றாமல் நின்றது, ஓராண்டில் ஒருமுறைகூட எறும்பு அதைத் தாண்டவில்லை. சித்திரையில் வந்த எறும்புகள் நான் தேன் அறையை இறக்கி வைத்த தரையிலிருந்து ஏறியவை.

ஆவணியில் அந்த இரண்டாவது பெட்டியின் கூட்டம் ஓடிவிட்டது. திடீரென்று நடந்ததல்ல, பத்து நாளாகவே காலில் மகரந்தத்துடன் திரும்பும் தேனீக்கள் குறைந்திருந்தன, ராணி முட்டையிடுவதை நிறுத்தியிருந்தது, மேல்விளிம்பில் இருந்த தேனும் தீர்ந்திருந்தது. உணவு இல்லாத இடத்தை விட்டுப் போய்விடுவது இந்தியத் தேனீயின் இயல்பு. இத்தாலியத் தேனீயைப் போலப் பட்டினி கிடந்து காத்திருக்காது. சர்க்கரையும் தண்ணீரும் சம அளவில் கலந்த பாகை மாலை நேரத்தில் கொட்டாங்கச்சியில் ஊற்றி, மூழ்காமல் இருக்கக் குச்சிகளைப் போட்டு உள்ளே வைக்க வேண்டும் என்பதை அண்ணாச்சி சொல்லித்தான் அறிந்தேன், அதுவும் முதல் பெட்டிக்கு மட்டுமே பயன்பட்டது. கூட்டத்துடன் பெட்டியை விற்றவர், பஞ்ச காலம் என்று ஒன்று உண்டு என்பதை ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. தொலைபேசியில் கேட்டபோது புதிய கூட்டம் தருவதாக விலை சொன்னார். விற்பனைக்குப் பிந்தைய சேவை என்ற தலைப்பில் எழுத இதற்கு மேல் ஒன்றுமில்லை.

முதல் பெட்டியைப் புரட்டாசியில் காப்பாற்றியவை யாரும் தேன் மரமாக எண்ணாத வெள்வேலும் இலந்தையும். மேய்ச்சல் தரையில் குடை விரித்தாற்போல நிற்கும் வெள்வேலின் மங்கிய பூங்கொத்தை நான் அதற்கு முன் நின்று பார்த்ததே இல்லை. மகரந்தம் மீண்டும் உள்ளே வரத் தொடங்கியதும் ஒரே வாரத்தில் ராணி முட்டையிட ஆரம்பித்தது. சீமைக்கருவேலத்திலும் தேனீக்கள் மொய்த்தன என்பதை மறைக்க விரும்பவில்லை. தேனீக்கு நாட்டு மரம், வந்தேறி மரம் என்ற வேறுபாடு இல்லை. குமரி மாவட்டத்துத் தேனில் பெரும்பங்கு ரப்பர் மரத்தின் இளந்தளிர்க் காம்பில் சுரக்கும் மதுரத்திலிருந்தே வருகிறது. ஆனால் ரப்பரின் வரத்து தளிர்க்கும் சில வாரங்களோடு முடிந்துவிடும். பலவகை நாட்டு மரங்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் பூக்கும் இடத்தில்தான் கூட்டத்துக்கு ஆண்டு முழுவதும் கொஞ்சமாவது கிடைக்கும்.

வடகிழக்குப் பருவமழை கார்த்திகையில் ஓய்ந்த பிறகு கூட்டம் மளமளவென்று பெருகியது. மார்கழிக் கடைசியில் ஆண் தேனீக்களின் அறைகளும், அடையின் அடிவிளிம்பில் கடலைக்காய் போலத் தொங்கும் ராணி அறைகளும் தென்பட்டன. தையில் கூட்டத்தைப் பிரித்து, ஓராண்டாகக் காலியாகக் கிடந்த மூன்றாவது பெட்டிக்குக் குடியேற்றினேன். இந்தப் பெட்டிகளின் பெரும் வசதி இங்கே தெரிந்தது: சட்டங்கள் இடம் மாற்றிப் பொருத்தத் தக்கவை என்பதால், புழுவும் தேனும் உள்ள நான்கு சட்டங்களை எடுத்து வைப்பதற்கு அரை மணி நேரம் போதுமானதாக இருந்தது. வாரம் ஒருமுறை புழுக்களையும் பார்த்துவருகிறேன். 1991-92 இல் தாய்லாந்து பைப்புழு நோய் குமரியிலும் கேரளத்திலும் இந்தியத் தேனீக் கூட்டங்களைக் கொத்துக் கொத்தாக அழித்ததை இங்குள்ள பழைய வளர்ப்பாளர்கள் இன்னும் பேசுவார்கள். அந்நோயின் அடையாளமாகத் தலை நிமிர்ந்து படகு வடிவில் கிடக்கும் புழு கண்ணில் படுகிறதா என்று பார்க்க, இந்தச் சிறிய சட்டம் மிக வசதியானது.

ஆகவே நியூட்டன் பெட்டியை வாங்கலாமா என்று கேட்பவருக்கு என் பதில், வடிவத்தை ஐயமின்றி வாங்கலாம் என்பதுதான். யார் செய்த பெட்டி என்பதில்தான் கவனம் வேண்டும். அளவுகோல் இல்லாமல் பட்டறைக்குப் போகாதீர்கள். இரண்டு அறைகளுக்கு நடுவே உள்ள இடைவெளியை அங்கேயே அளந்து பாருங்கள், ஒரு பெட்டியின் சட்டத்தை மற்றொரு பெட்டியில் பொருத்திப் பாருங்கள், மேல்மூடிக்குத் தகரம் அடித்திருக்கிறதா என்று கேளுங்கள். ஆனி முதல் ஆவணி வரையிலும் சுற்றுவட்டத்தில் எது பூக்கும் என்று சொல்லத் தெரியாதவர், அதைத் தெரிந்துகொள்ளும் வரை கூட்டம் வாங்காமல் இருப்பது நல்லது. விற்பவர் சொல்ல மாட்டார்.

முறுக்கிய மேல்மூடிக்குப் பதிலாக, பழைய தேக்குக் கதவொன்றின் பலகையிலிருந்து உள்ளூர் ஆசாரியிடம் புதிதாகச் செய்து தகரம் வேய்ந்துகொண்டேன். முதல் பெட்டியின் இடைவெளியையும் அவரே ஒரு ரீப்பர் அடித்துச் சரிசெய்து கொடுத்தார். இப்போது மாசி பாதி கடந்துவிட்டது. வேலியோரப் புங்கங்கள் இலையுதிர்த்துப் பளபளவென்று துளிர்த்திருக்கின்றன, மொட்டு இன்னும் தெரியவில்லை. அது தெரியும் வரை தேன் அறைகள் திண்ணையில்தான் இருக்கும்.